பார்க்கிங்கில் பெட்ரோல் வாடை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதிக் கொடுக்கும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.)



இன்றைய கூட்டப் பொருளில் ஐந்தாவதாக, "15 வருடத்துக்கு மேற்பட்ட வாகனங்களைக் கீழ்த்தளத்தில் நிறுத்த அனுமதி இல்லை" என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும். சில நாள் காலையில் லிஃப்ட் பக்கம் பெட்ரோல் வாடை அடித்தது. அந்த வாடை என் 1998 மாருதி 800-இலிருந்துதான் வந்தது. இப்போது சரியாகிவிட்டது. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று கேட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள்.

முதலில், பயந்தவர்கள் பயந்தது நியாயம். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பிடிக்கக்கூடிய ஆவியைத் தரும். நம் கடலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடும். நம் கட்டடத்தில் பள்ளம் எது? லிஃப்ட் குழி. அதற்குப் பக்கத்திலேயே மோட்டார் சுவிட்ச். ஒரு பொறி போதும். இந்த ஊரில் காற்று திரும்பினால் ஏதோ ஒரு நெடி வருவது நமக்குப் பழகிப்போய்விட்டது, அதனால் "எங்கிருந்தோ வருது சார்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுகிறோம். பெட்ரோல் வாடைக்கு மட்டும் அப்படிப் போகக் கூடாது.

சந்தேகம் மூன்று வண்டிகள் மேல் இருந்தது. தினம் ஒன்றாக மதிலோரம் வெட்டவெளியில் நிறுத்திப் பார்த்தோம், அதுவும் ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு போய். என் வண்டி வெளியே நின்ற காலை லிஃப்ட் பக்கம் வாடை இல்லை. அன்றிலிருந்து சரியாகும்வரை அது உள்ளே வரவில்லை.

இங்கே ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்தவுடனே "கார்புரேட்டர் சார்" என்றார்கள். கிட் மாற்றினார்கள், பில் போட்டார்கள். வாடை போகவில்லை. கார்புரேட்டர் வழிந்தால் வண்டி ஓடி நின்றவுடன் முன்பக்கம் நாற வேண்டும். இதுவோ ராத்திரி முழுக்க நின்ற வண்டி, வாடை பின்பக்கம். அதை நான் சொன்னேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

பேங்க்கில் இருந்தவர்களுக்கு இது தெரியும். சாயங்காலம் கணக்கில் வித்தியாசம் வந்தால் எல்லா வவுச்சரையும் கலைத்துப் போடமாட்டோம். வித்தியாசம் 54 என்றால் 9-ஆல் வகுபடுகிறது, யாரோ 82-ஐ 28 என்று எழுதியிருப்பார்களோ என்று அங்கே முதலில் தேடுவோம். வித்தியாசத்தின் குணத்தை வைத்து இடத்தைப் பிடிப்பது. அதையே செய்தேன். ஒரு டைரியில் தேதி, போட்ட லிட்டர், ஓடிய கிலோமீட்டர், காலையில் வாடை உண்டா இல்லையா என்று நாலு வாரம் எழுதினேன். வாடை அடித்த காலை எல்லாமே டேங்க் நிரப்பிய மறுநாள். அரை டேங்க்குக்குக் கீழே ஒரு நாளும் வாடை இல்லை.

அப்படியென்றால் ஓட்டை டேங்க்கின் மேல்பகுதியில். பெட்ரோல் போடும் வாயிலிருந்து டேங்க்குக்கு வரும் ரப்பர் ஹோஸ், பக்கத்தில் காற்றுக்குழாய், மேலே மிதவை கேஸ்கட். இந்த மூன்றில் ஒன்றுதான். டேங்க் அடியில் துரு ஓட்டை என்றால் எந்த அளவிலும் ஒழுகும். எஞ்சின் ஓடும்போது மட்டும் வாடை என்றால் பம்ப்பிலிருந்து கார்புரேட்டர் போகும் ஹோஸைப் பார்க்க வேண்டும். தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் மைலேஜ் குறைகிறது, ஆயில் குச்சியில் அளவு ஏறுகிறது, ஆயிலில் பெட்ரோல் வாடை என்றால், பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள்ளேயே இறங்குகிறது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது, ஆயில் நீர்த்து எஞ்சின் போய்விடும்.

சிதம்பரத்தில் என் மைத்துனர் வீட்டுக்குப் பக்கத்தில் கார்புரேட்டர் வண்டிகளைக் கரைத்துக் குடித்த ஒரு பெரியவர் இருக்கிறார். டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கி, வாடையே இல்லாத ஒரு நாளில் அங்கே எடுத்துப் போனேன். டைரியை வாங்கிப் படித்தார். "பாதி வேலை முடிஞ்சுடுச்சு சார்" என்றார். மரத்தடியில் நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டேங்க்கைச் சுற்றித் துணியால் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். பிறகு கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றி நிரப்பி, காத்திருந்தார். அரை மணியில் பவுடரில் ஈரக்கோடு இறங்கியது. சொட்டு விழுந்தது டேங்க்கின் பின் மூலையில், ஆனால் கோடு தொடங்கியது வேறு இடத்தில், ஹோஸ் கிளிப்புக்குப் பின்னால். சொட்டும் இடம் வேறு, ஓட்டை வேறு. டேங்க்கைக் காலி செய்து இறக்கினார். ஹோஸின் மறுபக்கத்தில், கண்ணுக்கே படாத இடத்தில், வெடிப்பு.

உப்புக்காற்றில் கிளிப் துருப்பிடித்து ரப்பரை அறுத்திருந்தது. வயதும் ஒரு காரணம். எத்தனாலும் ஒரு காரணம் என்றார். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது, இப்போது பெரும்பாலான பங்க்குகளில் அதுதான். பழைய வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. ஆகவே மாற்றும்போது எத்தனால் தாங்கும் ஃபியூயல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் டியூபை வெட்டி மாட்டுபவர்களும் உண்டு, அது சில நாளில் கூழாகிவிடும். டேங்க்கில் ஓட்டை என்றால் பசை தடவி ஒப்பேற்றாதீர்கள். காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்கவும் விடாதீர்கள். உள்ளே ஆவி நிற்கும், நிரம்பிய டேங்க்கைவிட அது ஆபத்து.

எனக்கு ஹோஸ், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து, முதல் ஒர்க் ஷாப் பில்லில் பாதிகூட ஆகவில்லை.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். பழைய வண்டி மட்டும்தான் ஒழுகும் என்பது சரியல்ல. 2010 பிப்ரவரியில் மாருதி தன் ஏ-ஸ்டார் கார்கள் 1 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் பம்ப் கேஸ்கட்டில் கசிவு வரலாம் என்பதுதான் காரணம். அந்த மாடல் வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 2014 ஏப்ரலில் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் சேர்த்து 1,03,311 கார்கள். இதில் பெட்ரோல் போடும் கழுத்துப் பகுதி, அதாவது என் வண்டியில் போன அதே இடம். ஆட்டோ கட்-ஆஃபுக்கு மேல் நிரப்பினால் வாடை, சிலவற்றில் கசிவு. அவை தயாராகிச் சில மாதங்களே ஆன கார்கள்.

பங்க்கில் துப்பாக்கி 'டக்' என்று நின்ற பிறகும் "ரவுண்டா போடுப்பா" என்கிறோமே, அது எந்த வண்டிக்கும் ஆகாது. 10 டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் ஏறக்குறைய 1 சதவீதம் உப்பும். மாருதி 800-இன் 28 லிட்டர் டேங்க்கில் அது கால் லிட்டருக்கு மேல். அது எங்கே போகும்?

ஆகவே ஒரு திருத்தம் முன்மொழிகிறேன். வயதை எடுத்துவிட்டு, "பெட்ரோல் வாடை என்று யார் புகார் தந்தாலும், சந்தேகப்படும் வண்டி, புதியதோ பழையதோ, அன்றே வெளியே தள்ளி நிறுத்தப்பட வேண்டும், சரிசெய்த பில்லைக் காட்டிய பிறகே உள்ளே வரலாம்" என்று போடுங்கள். வாட்ச்மேன் அண்ணனிடம் ஒரு நோட்டு இருக்கட்டும், வாடை வந்த நேரத்தை அவர் எழுதட்டும். வாடை இருக்கும்போது யாரும் வண்டி ஸ்டார்ட் செய்யவோ மோட்டார் போடவோ கூடாது. தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவும். லிஃப்ட் பக்கம் இரண்டு மணல் வாளியும் ஒரு பவுடர் தீயணைப்பானும் வைக்கலாம். தீயணைப்பான் செலவைச் சங்கம் ஏற்கட்டும். மணல் வாளி இரண்டும் என் பொறுப்பு, வாங்கி வைத்துவிட்டேன்.

யாராவது வழிமொழிந்தால் நன்றாக இருக்கும்.