குழலைப் பார்த்த பின்னரே தோட்டா



காட்டுப் பன்றிகளை விரட்ட உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் நம்மிடையே சிலர் உளர். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல் குற்றம் என்பதை அவர்கள் நன்கறிவர். இன்று நாம் பேச விரும்புவது குழலைப் பற்றி.

12 போர் என்பதிலுள்ள 12 எதைக் குறிக்கிறது? ஒரு ராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று குழலின் உள்விட்டத்துக்குச் சரியாக இருக்கும். 20 உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் சிறுத்துவிடும் அன்றோ? ஆகவே, எண் பெருகினால் குழல் குறுகும். இதனைத் தலைகீழாக எண்ணுவோர் பலர்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் துப்பாக்கியில் இட்டால், அது உள்ளே நழுவிச் சென்று சிக்கிக்கொள்ளும். பின்புறம் வெறுமையாகத் தோன்றும். தோட்டா இடவில்லை என்றெண்ணி 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். குழலைத் தாங்கிய கையும் போகும். இவ்விருவகைத் தோட்டாக்களையும் ஒரே பையில் வைக்கவே கூடாது.

சுட்ட ஓசை மெலிந்து கேட்டால், அடைப்பான் குழலிலேயே தங்கியிருக்கலாம். தோட்டாவை அகற்றிக் குழலைப் பார்க்காமல் மறுபடி சுடலாகாது. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையெனில், ஆளில்லாத் திசையில் குழலைப் பிடித்தபடி 30 விநாடி பொறுத்த பின்னரே திறக்க வேண்டும். வெற்றுத் தோட்டாவில் வீட்டிலேயே மருந்து நிரப்பும் வேலை வேண்டவே வேண்டாம்.

வேட்டை முடிந்ததும் குழலைத் துணியால் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் பூச வேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். மறுமுறை எடுக்கையில் அந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, தோட்டா இடும் முன்னர்க் குழலைப் பின்புறமிருந்து வெளிச்சத்தில் நோக்க வேண்டும். உள்ளே குளவி கூடு கட்டியிருந்த துப்பாக்கியையும் நாம் கண்டதுண்டு.