சிப்பிப் படுகைகளும் தண்ணீர்க் கம்பெனிகளும்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாக்கடையை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டால் ஊர் சுத்தமாகிவிட்டது என்று எண்ணுவது மன்றங்களுக்கு எளிது. அவ்வெண்ணத்தால் இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்று பட்ட பாட்டையும், இன்று அந்நாட்டுத் தண்ணீர்க் கம்பெனிகள் மேற்கொள்ளும் முறைகளையும் எடுத்துக் கூற விரும்புகிறோம்.

ஹாம்ஷயரைச் சேர்ந்த எம்ஸ்வொர்த் என்னும் ஊர் ஒரு காலத்தில் சிப்பிக்குப் பேர்போனது. 1902 நவம்பரில் வின்செஸ்டர், சவுத்தாம்ப்டன் ஆகிய இரு நகரங்களிலும் மேயர் விருந்து நடந்தது. அவற்றில் எம்ஸ்வொர்த் சிப்பிகள் பரிமாறப்பட்டன. உண்டவர் பலர் டைபாய்டு காய்ச்சலில் விழுந்தனர். வின்செஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குரு உட்படச் சிலர் மாண்டனர். ஊர்ச் சாக்கடை சிப்பிப் படுகைகளில் வந்து கலந்ததே காரணம். வாணிகம் படுத்துவிட்டது. ஃபாஸ்டர் என்ற சிப்பி வியாபாரி, வார்பிளிங்டன் நகர மாவட்ட மன்றத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1906-ல் அப்பீல் கோர்ட்டாரும் அவர் பக்கமே தீர்ப்பளித்தனர். மன்ற உறுப்பினர்களாகிய தாங்கள் இதனைக் கவனிக்கவேண்டும். பொதுநலத்திற்காகப் போட்ட சாக்கடையேயாயினும், பிறன் பிழைப்பைக் கெடுக்க மன்றத்திற்கு உரிமை இல்லை என்றாயிற்று.

சிப்பிக்கு மட்டும் ஏன் இத்துணை அபாயம்? அது இரை தேடி அலைவதில்லை. இருந்த இடத்திலேயே நீரை உறிஞ்சி வடிகட்டி உண்கிறது. நீரில் மலக்கிருமி இருப்பின் அதுவும் உடலில் தங்கிவிடும். ஆகவே அந்நாட்டில் சிப்பிச் சதையைச் சோதித்துப் படுகைகளைத் தரம் பிரிக்கின்றனர். 100 கிராம் சதையில் ஈ.கோலை கிருமி, பத்துக்கு எட்டு மாதிரிகளிலேனும் 230-க்கு மேற்படாதிருப்பின் முதல் தரம், எடுத்தவுடன் விற்கலாம். இரண்டாம் தரத்துச் சிப்பிகளைத் தூய கடல்நீர்த் தொட்டியில், பெரும்பாலும் 42 மணி நேரம், வைத்திருந்த பின்னரே விற்கலாம். மூன்றாம் தரமெனில் வேறு நல்ல நீருக்கு மாற்றி இரண்டு மாதமேனும் காத்திருக்கவேண்டும். வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸ் தொட்டி நீரிலும் எளிதில் நீங்குவதில்லை. எனவே, சிப்பியைக் கழுவுவதைவிடக் கடலைக் காப்பதே வழி.

அவ்வேலை தண்ணீர்க் கம்பெனிகளைச் சார்ந்தது. 1989-ல் குடிநீர், கழிவுநீர்ப் பணி அங்கே கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கழிவுநீரைத் தேக்கி வண்டலைப் படியவைத்து, நுண்ணுயிர்களைக் கொண்டு மாசை அழித்தபின், சிப்பிப் படுகைகளுக்கருகில் உள்ள பல நிலையங்களில் புறஊதா ஒளியினூடே செலுத்துகின்றனர். அவ்வொளி பட்ட கிருமி பெருகாது. ஆனால் நீர் கலங்கலாக இருந்தால் ஒளி ஊடுருவாது. முந்திய வேலை சரியாக நடந்தால்தான் பிந்தியது பயன்படும்.

தொல்லை மழையில்தான் வருகிறது. பழைய நகரங்களில் மழைநீரும் மலநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. குழாய் நிரம்பினால், ஏரிக்குக் கலிங்கு போல, உபரி நீர் கடலில் வழியும். இதனைக் குறைக்கக் கம்பெனிகள் பெருந்தொட்டிகள் கட்டி மழைநீரைத் தேக்கி, மழை விட்டபின் சுத்திகரிக்கின்றன. 2023 முடிவதற்குள் இங்கிலாந்தின் இத்தகைய வாய்கள் அனைத்திலும் அளவுக் கருவிகள் பொருத்தப்பட்டன.

கம்பெனிகளை மட்டும் புகழ்ந்துவிடுவதற்கில்லை. கென்ட், ஹாம்ஷயர், சசெக்ஸ் கடற்கரைகளில் 2010 முதல் 2015 வரை சுத்திகரிக்காத கழிவுநீரைச் சட்டவிரோதமாக விட்டதற்காக, சதர்ன் வாட்டர் கம்பெனிக்கு 2021-ல் கோர்ட்டார் 9 கோடி பவுன் அபராதம் விதித்தனர். காவற்காரனுக்கும் காவல் வேண்டியிருக்கிறது!

உழவர்களுக்கும் இதில் பங்குண்டு. கால்நடைகள் ஓடையில் இறங்கினாலும், சாணக்குழி நிரம்பி வழிந்தாலும் அதே கிருமிதான் கடலுக்குப் போகிறது. ஆகவே ஓடைக்கரையில் வேலியிடுவதும் சிப்பிப் பாதுகாப்பே. டார்செட்டில் சிப்பி எடுக்கப்படும் பூல் துறைமுகக் குடாவில், உர நைட்ரேட்டு சேர்ந்து பாசி மண்டியது. வெசெக்ஸ் வாட்டர் கம்பெனி, டார்செஸ்டர் கழிவுநீர் நிலையத்தில் நைட்ரஜனை அகற்றப் புதிய யந்திர சாதனம் அமைப்பதற்குப் பதிலாக, உழவர்களுக்குப் பணம் கொடுத்து, அறுவடைக்குப் பின் தரிசாகக் கிடக்கும் வயல்களில் மூடுபயிர் விதைக்கச் செய்தது. நாம் தக்கைப்பூண்டு விதைப்பது மண்ணுக்கு உரம் சேர்க்க. அவர்கள் விதைப்பது குளிர்கால மழையில் உரம் கரைந்து ஓடாதிருக்க. அதற்குக் கூலி கொடுப்பது கழிவுநீர்க் கம்பெனி.