ஆற்றையும் காட்டையும் கற்பிக்கும் உத்தியோகம்

(ஓசூர் வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிள்ளை படித்து முடித்ததும், "சிப்காட்டில் வேலை கிடைக்குமா?" என்றே நாம் முதலில் கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. 1970-களில் இங்கே எழுந்த தொழிற்பேட்டை பல குடும்பங்களை வாழவைத்திருக்கிறது. ஆயினும் இவ்வட்டாரத்திற்கு மிகவும் வேண்டிய மற்றோர் உத்தியோகமும் உண்டு. அது, சுற்றுச்சூழலைக் கற்பிக்கும் தொழில்.

அதன் தேவையைக் கெலவரப்பள்ளி அணையிலே காணலாம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரு நகரக் கழிவுநீரையும் சுமந்து நம்மிடம் வருகிறது. அணையின் மதகுகளிலிருந்து நீர் விழும்போது, அதில் கலந்துள்ள சோப்புப் பொருள்கள் வெண்ணுரையாய்ப் பொங்குகின்றன. நுரையைக் கண்டு அஞ்சுகிறோம். அது அடங்கியதும் மறந்துவிடுகிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கரைந்திருப்பதன்றோ பெரிய கவலை? எந்தக் கிணற்று நீரைச் சோதிக்க வேண்டும், சோதனை முடிவுக்கு என்ன பொருள் என்பதை எடுத்துரைக்க, நம்மோடு வாழும் ஒருவர் வேண்டும்.

1952-ஆம் ஆண்டு சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கிய காலத்தில், கிராம சேவகர் வரப்பில் நின்று செய்து காட்டியே புதிய முறைகளைப் பரப்பினார். இத்தொழிலுக்கும் அதுவே வழி.

சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளி கல்லூரிகளில் கட்டாயமாக்க வேண்டுமென 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் இளநிலைப் பட்ட வகுப்புகள் அனைத்திலும் அது பாடமாயிற்று. தாவரவியல், விலங்கியல், வேதியியல், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றவர் ஆசிரியப் பயிற்சியும் பெற்றால் பள்ளியில் பணியாற்றலாம். தொண்டு நிறுவனங்களிலும், தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் பிரிவுகளிலும் இவ்வறிவுக்கு இடமுண்டு. தொடக்கத்தில் ஊதியம் குறைவாயிருக்கலாம், இதை மறைப்பதற்கில்லை. பட்டம் மட்டும் போதாது. ஏரிக்கரையில் நடந்து பார்த்த அறிவும், கேட்போர் மனங்கொள்ளப் பேசும் திறனும் வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கோ ஒரு தனிச் செல்வம் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அவர்கள் சந்தையில் கேட்டு வளர்ந்த மொழிகள். ஆறு மாநில எல்லையை அறியாது. எல்லையின் இருபுறத்தாரிடமும் அதைப் பற்றிப் பேச இவர்களை விடத் தக்கவர் யார்? தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் யானை இறங்கும் ஊர்களிலும், காட்டையும் உழவரையும் ஒருங்கே அறிந்தவர் சொல்லே எடுபடும்.

பஞ்சாயத்து என்ன செய்யலாம்? 2002-ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைத்து, ஊரின் செடி கொடி, விலங்கு, பாரம்பரிய விதைகளைப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறது. அப்பணியில் ஊர்ப் பட்டதாரிகளை ஈடுபடுத்துங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் நீர்ச் சோதனை பழகிய பெண்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். கிராம சபையில் நீரைப் பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உழைப்பவருக்கு இயன்ற மதிப்பூதியம் அளியுங்கள். வெறும் பாராட்டினால் எந்தத் தொழிலும் வேரூன்றாது.

அடுத்த முறை ஒரு பிள்ளை, "நான் சுற்றுச்சூழல் படிக்கப் போகிறேன்" என்றால், "அதனால் என்ன பயன்?" என்று கேளாதீர்கள். நம் கிணற்றைக் காக்கவே அவன் படிக்கிறான், அவள் படிக்கிறாள் என்று எண்ணி வாழ்த்துங்கள்.