வீரர் இருவர் வழக்கு



நாற்பது வயதைக் கடந்த ஒருவன், முகமூடி அணிந்த வீரன் ஒருவனும் வானில் பறக்கும் வீரன் ஒருவனும் மோதும் அமெரிக்கப் படம் ஒன்றைப் பற்றி வானொலியில் பேச வருவது உங்களிற் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். விளைவித்தால் குற்றமில்லை. அப்படத்தை முதன்முறை கண்டபோது நானும் நகைத்தவனே.

என் தமக்கையின் மகன் சென்னையில் பொறியியல் பயில்கின்றான். கோடை விடுமுறையில் தில்லிக்கு வந்து எங்களோடு ஒரு மாதம் தங்கியிருந்தான். சித்திரக்கதைகளிலேயே ஊறி வளர்ந்த பிள்ளை. ஓர் இரவு உணவுக்குப்பின், மின்விசிறிக் காற்றும் அனலாக வீசிக்கொண்டிருந்த வேளையில், ‘பேட்மேன் வி சூப்பர்மேன்: டான் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்னும் படத்தைப் பற்றி எங்களிடையே பேச்சு எழுந்தது. அது நள்ளிரவு கடந்தும் ஓயவில்லை. மறுநாள் அலுவலகம் உண்டே என்று என் மனைவி இருமுறை நினைவூட்ட வேண்டியதாயிற்று.

படத்தைப் பாராதவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்மேன் 1938-ஆம் ஆண்டிலும் பேட்மேன் 1939-ஆம் ஆண்டிலும் அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்களில் தோன்றினார்கள். முன்னவன் அழிந்துபோன வேற்றுக் கோளொன்றிலிருந்து குழந்தையாக வந்து, கான்ஸஸ் மாநிலத்து உழவர் வீட்டில் கிளார்க் கென்ட் என்ற பெயரோடு வளர்ந்தவன். பின்னவன் புரூஸ் வேய்ன் என்னும் செல்வன். சிறு வயதில் தன் பெற்றோரைக் கள்வன் ஒருவன் தெருவிற் சுட்டுக் கொல்லக் கண்டவன். ஸாக் ஸ்னைடர் என்னும் இயக்குநர் 2013-இல் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ என்ற பெயரால் சூப்பர்மேனின் கதையைப் படமாக்கினார். அதன் தொடர்ச்சியாக 2016 மார்ச்சு மாதம் வெளிவந்ததே நான் கூறும் படம். பேட்மேனாக பென் அஃப்லெக்கும் சூப்பர்மேனாக ஹென்றி கேவிலும் நடித்தார்கள்.

இப்படத்தைப்போல் மக்களை இரு கட்சியாகப் பிரித்த படம் அவ்வகையிற் சிலவே இருக்கும். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 16 கோடியே 60 லட்சம் டாலர் வசூலாயிற்று. அடுத்த வார இறுதியில் அது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சரிந்தது. உலகெங்கும் சுமார் 87 கோடி டாலர் ஈட்டியும், தோல்வி என்றே பலர் அதனைப் பேசினார்கள். விமர்சகரிற் பெரும்பாலோர் கடிந்துரைத்தனர். ரசிகரில் ஒரு சாராரோ இன்றளவும் அதனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகின்றனர். என் மருமகன் கடிந்துரைப்போர் கட்சி.

“மாமா, அது தொடர்ச்சிப் படமே அன்று. முதற்படத்திற்குக் கூறிய மன்னிப்பு” என்று அவன் தொடங்கினான்.

அவன் ஏளனமாகச் சொன்னான். எனக்கோ அதுவே படத்தின் சிறப்பாகப் பட்டது. முதற்படத்தின் இறுதியில் சூப்பர்மேனும் ஸாட் என்னும் பகைவனும் மெட்ரோபோலிஸ் நகரில் பொருதுகின்றனர். கட்டடங்கள் சீட்டுக்கட்டைப்போற் சரிகின்றன. உள்ளே இருந்த மக்கள் என்ன ஆனார்கள் என்று படம் நின்று கேட்கவேயில்லை, பார்த்தவர்கள் கேட்டார்கள். மக்களைக் காக்க வந்தவன் இப்படியா போரிடுவான் என்ற குறை அந்நாளில் எங்கும் ஒலித்தது. இரண்டாவது படம் அந்தக் குறையையே தன் கதைக்கு வித்தாக எடுத்துக்கொண்டது. அதே போரை மீண்டும் காட்டுகிறது. இம்முறை வானிலிருந்து அன்று, தரையிலிருந்து. புழுதி மண்டலத்தைக் கண்டு எல்லோரும் ஓடிவர, புரூஸ் வேய்ன் ஒருவன் மட்டும் அதனுள்ளே ஓடுகிறான். அவனுடைய நிறுவனத்தின் கட்டடம் இடிந்து விழுந்திருக்கிறது. உத்திரத்தின் கீழ் ஊழியன் ஒருவன் கால்கள் நசுங்கிக் கிடக்கிறான். தனித்து நிற்கும் சிறுமியிடம், உன் தாய் எங்கே என்று புரூஸ் கேட்கிறான். அவள் இடிபாட்டின்மேல் வெற்றிடமாய் இருக்கும் வானைச் சுட்டிக் காட்டுகிறாள். அவன் தலை நிமிர்ந்து பார்க்கிறான். மேலே இருவரும் இன்னும் போரிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

படத்தை வெறுப்பவர்களும் இந்தப் பத்து நிமிடத்தை வெறுப்பதில்லை. என் மருமகனும் இங்கே வாய் திறக்கவில்லை.

படத்தின் பெயரையும் சற்று நோக்க வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் ஆதலின் என் கண் முதலில் அங்கேதான் சென்றது. இரு வீரர் பெயருக்கும் நடுவே ‘வி’ என்ற ஓரெழுத்து நிற்கிறது. பந்தயச் சுவரொட்டிகளிற் காணும் ‘வி எஸ்’ என்ற ஈரெழுத்து அன்று. நீதிமன்ற ஆவணங்களில் வாதியின் பெயருக்கும் பிரதிவாதியின் பெயருக்கும் இடையே எழுதும் எழுத்து அது. நாம் அதனை ‘எதிர்’ என்று தமிழில் எழுதுகிறோம். ஆக, இது ஒரு வழக்கு. வழக்கென்றால் குற்றச்சாட்டும் சான்றும் மறுமொழியும் தீர்ப்பும் இருக்க வேண்டுமன்றோ? அவை இருக்கின்றனவா என்பதே எங்கள் வாதமாயிற்று.

குற்றச்சாட்டு தெளிவாகவே இருக்கிறது. மனித இனம் முழுவதையும் அழிக்கவல்ல ஆற்றல் ஒருவனிடம் உள்ளது. அவன் நமக்குப் பகைவனாவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் அதனை முழு உறுதியென்றே கொள்ள வேண்டும் என்கிறான் புரூஸ் வேய்ன். இக்கணக்கு கதாசிரியரின் கற்பனை மட்டுமன்று. 2001 செப்டம்பர்த் தாக்குதலுக்குப்பின் அமெரிக்க அரசியலில் இத்தகைய வாதம் நிலவியது. துணைக் குடியரசுத் தலைவராயிருந்த டிக் செனியின் பெயரோடு இணைத்து ‘ஒரு சதவிகிதக் கோட்பாடு’ என்றே அதனை வழங்கினார்கள். அக்கணக்கின்படி மீதி தொண்ணூற்றொன்பது பங்கு எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை. வந்தவன், வேற்றான் என்ற சொற்கள் ஒருவன்மேல் எவ்வளவு எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு வெளியே குடியிருக்கும் நாம் அறியாதவரல்லோம். நாற்பது வீட்டில் குழாய் உடைந்தாலும் புதிதாய் வந்தவன் வீட்டுக் கதவையே முதலில் தட்டுவார்கள்.

“இருக்கட்டும் மாமா. பேட்மேன் உயிர்க்கொலை செய்யாதவன். அதுவே அவன் நோன்பு. இப்படத்தில் வண்டியேற்றியும் சுட்டும் கொல்கிறானே! அது பேட்மேனா?”

இது ரசிகர்களின் பழைய மனக்குறை, நேர்மையான குறையுங்கூட. ஆயினும் அவன் நோன்பு தவறியதைப் படம் மறைக்கவில்லை. குற்றவாளிகளின் உடலில் அவன் சூடு போடுவதையும், அதனால் அவர்கள் சிறையில் மடிவதையும் காட்டுகிறது. அவனை வளர்த்த பணியாளர் ஆல்ஃபிரட், நல்லவர்களைக் கொடியவராக்குவது இந்தக் கையாலாகாச் சினமே என்ற பொருள்பட எச்சரிக்கிறார். கோடிக்கணக்கான சிறுவர்கள் விரும்பிய வீரனையே வழக்கில் தவறான பக்கத்தில் நிறுத்துவதற்கு ஒரு துணிவு வேண்டும். அத்துணிவை நான் மதிக்கிறேன். மருமகன் மதிக்கவில்லை. “தவறிவிட்டான் என்று ஒருவராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா?” என்றான். இதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

சான்றுகளின் நிலை இன்னும் மோசம். ஆப்பிரிக்கப் பாலைவன ஊர் ஒன்றில் நடந்த கொலைகளுக்குச் சூப்பர்மேனே காரணம் என்ற பழி எழுகிறது. ஆனால் அங்கே கொலையாளிகள் துப்பாக்கியால் சுட்டதையே திரையரங்கிற் கண்டோம். துப்பாக்கிக் குண்டுக்குச் சூப்பர்மேன் எப்படிப் பொறுப்பாவான்? எவருக்கும் விளங்கவில்லை. அரங்கை விட்டு வெளியேறியபோது, கதாசிரியர் உறங்கிவிட்டார் போலும் என்று நான் என் நண்பரிடம் கூறினேன். இணைந்து எழுதிய இருவருள் ஒருவரான கிரிஸ் டெரியோ அதற்குமுன் ‘ஆர்கோ’ படத்திற்காக ஆஸ்கார் பரிசு பெற்றவர்.

உறங்கியவர் அவரல்லர் என்பது சில மாதங்களுக்குப்பின் தெரிந்தது. திரையரங்கில் ஓடியது 151 நிமிடப் படம். அதே ஆண்டில் 182 நிமிடம் ஓடும் முழுமையான வடிவம் ஒன்று இல்லங்களுக்கென வெளியாயிற்று. அதில், கொலையாளிகள் பிணங்களைத் தீப்பிழம்பால் எரிக்கிறார்கள். சூப்பர்மேனின் கண்ணிலிருந்து பாயும் வெப்பம் எரித்ததென்று உலகம் நம்ப வேண்டும் என்பதற்காக. அமெரிக்க ஆட்சிமன்றக் குழுவின்முன் சாட்சி கூறிய ஆப்பிரிக்கப் பெண், தான் சொன்னது பிறர் புகட்டிய சொல் என்று ஒப்புக்கொள்கிறாள். கிளார்க் கென்ட், செய்தியாளனாகக் கோதம் நகரின் ஏழைத் தெருக்களுக்குச் சென்று, பேட்மேனால் அஞ்சி வாழ்வோரின் குரலைக் கேட்கிறான். கால் இழந்த ஊழியனின் சக்கர நாற்காலியில் குண்டு ஒளித்திருந்ததைச் சூப்பர்மேன் ஏன் காணவில்லை என்பதற்கும் விடை வருகிறது: அது ஈயத் தகட்டால் மூடப்பட்டிருந்தது, ஈயத்தை அவன் பார்வை ஊடுருவாது.

வெட்டிய முப்பது நிமிடத்தில் சாட்சியங்கள் எல்லாம் போய்விட்டன. அடிதடி மட்டும் எஞ்சியது. கோப்புகளுக்குச் சுருக்கக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இந்தத் தீங்கு புதிதன்று. நாற்பது பக்க மனுவை ஒரு பக்கமாக்கும்போது, மனுதாரர் என்ன கேட்டார் என்பது நிற்கும். ஏன் கேட்டார் என்பது போய்விடும். சுருக்கத்தைப் படித்த மேலதிகாரி, இந்த மனிதர் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார் என்று வியப்பார்.

“முழுப்படத்தைப் பார்த்தால்தான் புரியும் என்றால், அரங்குக்குப் பணம் கொடுத்தவன் ஏமாளியா?” என்றான் மருமகன். நியாயமான கேள்வி. பணம் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன்.

இனி, எல்லோரும் நகைத்த அந்தக் கட்டத்திற்கு வருகிறேன். லெக்ஸ் லூதர் என்னும் சூழ்ச்சியாளன் சூப்பர்மேனின் வளர்ப்புத் தாயைச் சிறைப்பிடித்து, பேட்மேனைக் கொன்று வந்தால் விடுவிப்பேன் என்கிறான். உதவி கேட்கச் சென்றவன் போரில் வீழ்கிறான். பேட்மேன் அவன் கழுத்தில் கால் வைத்து ஈட்டியை ஓங்குகிறான். அப்போது வீழ்ந்தவன், மார்த்தாவைக் காப்பாற்று என்கிறான். மார்த்தா என்பது இருவர் தாய்க்கும் பெயர். பேட்மேன் ஈட்டியை எறிந்துவிடுகிறான், பகை தீர்கிறது. 2016-இல் தில்லி அரங்கில் ஒரே சிரிப்பு. தாய்மார் பெயர் ஒன்றாயிருந்தால் சண்டை நின்றுவிடும் என்றால், நம் ஊரில் எத்தனை லட்சுமிகள், எத்தனை மீனாட்சிகள்! கோர்ட்டுகளையே மூடிவிடலாம் என்று நானும் சொல்லிச் சிரித்தேன்.

மீண்டும் பார்த்தபோது, படத்தின் தொடக்கத்தை நான் மறந்திருந்தது புலப்பட்டது. புரூஸின் தந்தை குண்டடிபட்டுத் தெருவில் வீழ்ந்து, உயிர் பிரியுமுன் மனைவியின் பெயரையே கூறுகிறார். மார்த்தா என்பது அவன் காதில் விழுந்த தந்தையின் கடைசிச் சொல். இப்போது தரையில் கிடக்கும் ஒருவன், ஒரு பெண்ணைக் காக்க வேண்டி, அதே சொல்லை உரைக்கிறான். அன்று கைத்துப்பாக்கியோடு நின்ற கள்வனின் இடத்தில் இன்று நிற்பவன் யார்? புரூஸ் வேய்னே. பெயர் ஒன்றாயிருப்பதன்று செய்தி. தான் எவ்விடத்தில் நிற்கிறோம் என்பது அவனுக்கு அக்கணத்தில் தெரிந்துவிட்டது. ‘அது’ என்று எண்ணியிருந்த ஒன்று, தாயுள்ள ஒரு ‘அவன்’ ஆகிவிட்டது.

“அப்படியானால், வந்தவுடனேயே ‘என் தாயைப் பிடித்து வைத்திருக்கிறான், உதவி செய்’ என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாமே மாமா?” என்றான். சொல்லியிருக்கலாம்; அதற்கு நேரமும் இருந்தது. இதில் அவன் வென்றான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் மனத்தில் நெடுநாளாக உறுத்தும் குறை வேறு. ஆட்சிமன்றக் குழு சூப்பர்மேனை விசாரணைக்கு அழைக்கிறது. பறக்கும் ஆற்றலுடையவன் வாயில்வழி நடந்து வந்து, சாட்சிக்கூண்டின்முன் நிற்கிறான். அவன் வாய் திறக்குமுன் குண்டு வெடிக்கிறது. மண்டபம் எரிகிறது, கேள்வி கேட்டவர்கள் மாண்டார்கள், அவன் மட்டும் நிற்கிறான். அருமையான காட்சிதான். ஆனால் அவன் என்ன சொல்ல வந்தான் என்பதைப் படம் பின்னர் எங்குமே சொல்லவில்லை. பேராற்றல் உடையவன் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, இறுதியில் லூதர் படைத்த அரக்கன் ஒருவனை ஏவி, மூவர் சேர்ந்து அவனை அடிக்க, அதிலேயே சூப்பர்மேனும் உயிர்விட, வழக்கு தள்ளுபடியாகிறது. தியாகம் செய்தவனிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. அந்தக் கடைசி அரை மணி நேரத்தை எவர் புகழ்ந்தாலும் நான் ஒப்பேன். இங்கே நானும் மருமகனும் ஒரு கட்சியானோம்.

ஊருக்குப் புறப்படுமுன் அவன் ஒரு சோதனை வைத்தான். “மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளர் நீங்கள், அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதுங்கள் பார்ப்போம்” என்று தாளை நீட்டினான். ‘என் அன்னையைக் காப்பாற்று’ என்று எழுதினேன். தமிழ் நன்றாக இருந்தது. பெயர் இல்லாததால் கதை செத்துவிட்டது. ‘என் அன்னை மார்த்தாவை’ என்று திருத்தினேன். உண்மை முழுதும் ஒரே மூச்சில் வெளிப்பட்டுவிடவே, பேட்மேன் திகைப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்றாவதாகப் பெயரை மட்டும் வைத்தேன்.

“எந்தப் பிள்ளை மாமா பெற்றவளைப் பெயர் சொல்லிப் பேசுவான்?” என்றான்.

“விண்ணப்பத்தில் ‘தாயின் பெயர்’ என்ற இடத்தில் நீ என்ன எழுதுகிறாய்?” என்றேன்.

அவன் சிரித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்தேன். முழுப்படத்தை வழியிற் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். குவாலியர் தாண்டியும் செய்தி ஒன்றும் வரவில்லை.