ஆரவாரம் அடங்கட்டும், பிறகு ஆடுவோம்!



"ஆறின கஞ்சி பழங்கஞ்சி. கணினி விளையாட்டை வெளிவந்த அன்றே ஆடிவிட வேண்டும்" என்று எதிரணி நண்பர் முழங்கினார். ஐயா, பழங்கஞ்சியின் அருமை வெயிலில் உழைத்தவனுக்குத்தான் தெரியும்!

சூடாக வாங்கியவர்கள் கதையைப் பாருங்கள். 2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' வந்தது. எண்ணிலடங்காக் கிரகங்கள் என்றார்கள். எதிர்பார்த்த பல அம்சங்கள் இல்லையென்று வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஆனால், பிரிட்டனின் ஹலோ கேம்ஸ் எனும் அந்தச் சிறு நிறுவனம் ஓடி ஒளியவில்லை. இலவசமாகவே மெருகேற்றிக்கொண்டு வந்தது. 2018இல் நண்பர்களோடு சேர்ந்து ஆடும் வசதி முறையாகச் சேர்ந்தது. பொறுத்திருந்து வாங்கியவருக்கு அத்தனையும் முதல் நாளே கிடைத்தது.

'சைபர்பங்க் 2077' வந்தது 2020 டிசம்பர் 10. பிளேஸ்டேஷன் 4 கருவியில் அது தடுமாறிய தடுமாற்றத்தில், ஒரு வாரம் கழித்து சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2023 செப்டம்பரில் புதிய தலைமுறைக் கருவிகளுக்கு வந்த 2.0 பதிப்புதான் அதன் உண்மையான முகம்.

'கான்கார்ட்' கதை இன்னும் சோகம். 2024 ஆகஸ்ட் 23இல் வெளிவந்து, செப்டம்பர் 6இல் மூடப்பட்டது. பணம் திரும்பி வந்தது. ஆட்டம் திரும்பவில்லை!

நடுவர் அவர்களே, என் கதைக்கு வருகிறேன். குடும்பம் ஜொகூர் பாருவில், எனக்கு வேலை சிங்கப்பூரில். 2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பாலம் கண்ணுக்குத் தெரிகிறது, வீட்டுக்குப் போக முடியவில்லை. 15 வயது மகனிடம் தொலைபேசியில் "சாப்பிட்டாயா? படித்தாயா?" என்பேன். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வராது.

ஒருநாள் அவனே, "அப்பா, 'ஸ்டார்டியூ வேலி' ஆடலாமா?" என்றான். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, ஓவியம், இசை உட்பட அனைத்தையும் தாமே உருவாக்கி, 2016இல் வெளியிட்ட பண்ணை விளையாட்டு அது. விலை 15 அமெரிக்க வெள்ளிக்குள். என் பழைய மடிக்கணினியிலும் ஓடியது.

இரவுதோறும் நான் இங்கே, அவன் அங்கே, ஒரே பண்ணையில் கிழங்கு நட்டோம். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, நண்பர்களைப் பார்க்காத ஏக்கத்தை, தேர்வு பயத்தை, அம்மா தனியே அழுததை அவன் சொன்னான். நான் கேட்காமலேயே சொன்னான்! நான்கு ஆண்டுப் பழைய விளையாட்டு எங்களுக்குப் பாலம் போட்டது.

"முதல் நாள் யாரும் வாங்காவிட்டால் படைத்தவர் எப்படிப் பிழைப்பார்?" என எதிரணி கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே விளையாட்டு 2024 டிசம்பருக்குள் 4 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. முதல் நாள் கூட்டம் மட்டுமா அத்தனையையும் வாங்கியது?

பெற்றோர்களே, பிள்ளை விளையாட்டு கேட்டால் ஆறு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். இன்னும் ஆடுகிறார்களா? நம் வீட்டுக் கருவியில் ஓடுமா? நிறுவனம் கதவடைத்தாலும் ஆட முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் வாங்கிக் கொடுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஆடுங்கள்.