சங்கம் நம்முடையது, படிப்பு யாருக்கு?

(வட்டார விவசாயிகள் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



உர விலை, கரும்பு பாக்கி, கிணத்துல தண்ணி இல்லாத கொடுமை என்று பேச நூறு விஷயம் இருக்கும்போது, கூட்டுறவுப் படிப்பைப் பற்றி என்ன பேச்சு என்று வரும் வழியிலேயே சிலர் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. நம்ம ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் லாபம் வந்தால், அதில் ஒரு பங்கைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குக் கட்டியாக வேண்டும். 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்திலேயே இது இருக்கிறது. அந்தக் காசு யாருடையது? நாம் கட்டின வட்டியில், நாம் வாங்கின உரத்தில் மிஞ்சின காசு. அப்படியானால், இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் உறுப்பினர் பயிற்சி என்று ஒரே ஒரு நாளாவது அழைக்கப்பட்டவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம்!

மூன்று கை. அதில் இரண்டு பேர் பழைய டைரக்டர்கள்.

இதைத்தான் கேட்க வந்தோம். கூட்டுறவு மேலாண்மை நிலையங்கள் இருக்கின்றன, பட்டயப் பயிற்சி இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் சங்கத்தில் வேலை. செயலாளர் படிக்கட்டும், எழுத்தர் படிக்கட்டும், நாங்க வேண்டாங்கல. படித்த ஊழியர் வந்தால் நமக்கும் நல்லதுதான். ஆனால் சங்கத்துக்குச் சொந்தக்காரன் பங்குத்தொகை கட்டின உறுப்பினர். சொந்தக்காரனுக்குக் கணக்கு தெரியாமல் வேலைக்காரருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அந்தக் கடை யார் கடை?

கூட்டுறவு பிறந்த இடத்தில் இப்படி இல்லை. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844 டிசம்பரில் 28 பேர் சேர்ந்து ஒரு கடை போட்டார்கள். அவர்களில் பலர் நெசவாளிகள், கூலி போதாமல் திண்டாடினவர்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை என்று நாலைந்து சாமானோடு தொடங்கிய கடை. கொஞ்ச வருஷத்தில் அந்தக் கடையின் மாடியில் உறுப்பினர்கள் பத்திரிகை படிக்க ஓர் அறை வந்தது. லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கு படிப்புக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். இன்றைக்கு நம் சட்டத்தில் இருக்கிற கல்வி நிதிக்கு மூல வித்து அதுதான். வித்து இங்கே வந்தது, விளைச்சல் மட்டும் நம்ம களத்துமேட்டுக்கு வரவில்லை!

நம் மாகாணத்துக் கதையும் படிப்பில்தான் தொடங்குகிறது. பிரெடரிக் நிக்கல்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரியைச் சென்னை அரசாங்கம் 1892-ல் இதற்காகவே ஐரோப்பாவில் போய்ப் பார்த்துவரச் சொன்னது. கந்துவட்டியில் விவசாயி அழிவதைத் தடுக்க அங்கே என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர், ஒரு கிராமப் பகுதியின் மேயர், பஞ்ச காலத்தில் விவசாயிகளைச் சேர்த்துக் கடன் சங்கம் கட்டியிருந்தார். அப்படி ஓர் ஆள் இங்கே வேண்டும் என்பதுதான் நிக்கல்சன் சொன்னதன் சாரம். 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே வருஷம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவானது. ஆக, ஒருத்தர் போய்ப் பார்த்துவந்து சொன்னதில் கிளம்பினது இது. நூற்றிருபது வருஷத்துக்குப் பிறகு நம்மைப் பக்கத்து மாவட்டத்துச் சங்கத்தைக்கூடக் கூட்டிப்போய்க் காட்ட ஆள் இல்லை.

அந்திகோனிஷ் என்று ஓர் ஊர். பேர் வாயில் நுழையாது, விட்டுடுங்க, விஷயத்தைப் பிடிச்சுக்கங்க. கனடா நாட்டில் நோவாஸ்கோஷியா என்ற கடற்கரை மாகாணத்தில் இருக்கிறது. அங்கே மீனவர்களும் சிறு விவசாயிகளும் வியாபாரியிடம் கடன்பட்டுக் கிடந்தார்கள். பிடித்த சிங்கி இறாலை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும், மாவும் வலையும் அவனிடமே கடனுக்கு வாங்க வேண்டும். நம்ம கமிஷன் மண்டிக் கதைதான், கடல்தான் வேறே. 1928-ல் அங்கிருந்த ஒரு கல்லூரி, விரிவுப் பணித் துறை என்று ஒன்றைத் தொடங்கியது. மோசஸ் கோடி என்ற பாதிரியார் அதை நடத்தினார். அவர் காசு கொண்டுவரவில்லை, மானியம் கொண்டுவரவில்லை. முதலில் ஊரைக் கூட்டி ஒரு பெரிய கூட்டம். பிறகு எட்டுப் பேர், பத்துப் பேராகப் பிரிந்து வாரம் ஒருமுறை யாராவது ஒருத்தர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து படிப்பது. கல்லூரியிலிருந்து சின்னச் சின்னப் பிரசுரங்கள் வரும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டு விவாதிப்பார்கள். மாதம் ஒருமுறை பக்கத்து ஊர் வட்டங்கள் எல்லாம் ஒன்றாகக் கூடும். நம்ம பொருள் எங்கே போகுது, கடைசியாக என்ன விலைக்கு விக்குது, நடுவிலே யார் யார் கை பட்டுது, நாமே செஞ்சா என்ன? இதுதான் பாடம்.

அந்தச் சமையலறைப் பேச்சிலிருந்து கடன் சங்கங்கள் வந்தன, கூட்டுறவுக் கடைகள் வந்தன, மீனவர்களே நடத்திய இறால் டப்பாத் தொழிற்சாலைகள் வந்தன. முதலில் படிப்பு, பிறகுதான் சங்கம். நம்மிடம் தலைகீழ். முதலில் போர்டு மாட்டுகிறார்கள், படிப்பு வரவேயில்லை. அந்தப் பாதிரியார் பேரில் 1959-ல் அங்கே ஒரு பயிற்சி நிலையம் தொடங்கி, நம் நாட்டிலிருந்தும் பலர் போய்ப் படித்து வந்தார்கள். வந்தவர்கள் ஊருக்குள் எவ்வளவு தூரம் இறங்கினார்கள் என்பது வேறு கேள்வி.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், குஜராத் போவோம். கேடா மாவட்டத்துப் பால்காரர்கள் ஒரு தனியார் பால் கம்பெனிக்கும் அதன் கங்காணிகளுக்கும் ஊற்றிக் கொண்டிருந்தார்கள். விலை கட்டவில்லை. 1946-ல் பதினைந்து நாள் பால் ஊற்ற மறுத்துப் போராட்டம். பாலைக் கீழே கொட்டினார்கள், கம்பெனிக்குக் கொடுக்கவில்லை. திரிபுவன்தாஸ் பட்டேல் ஊர் ஊராகப் போய்ச் சங்கம் சேர்த்தார். அந்த வருஷம் டிசம்பரில் ஒன்றியம் பதிவானது. அதுதான் பின்னாளில் அமுல். போராட்டத்தோடு நின்றிருந்தால் அடுத்த மாதமே கம்பெனி திரும்ப வந்திருக்கும். பாலை அளப்பது, கொழுப்புச் சத்து பார்ப்பது, அதற்குத் தக்க காசு அன்றன்றைக்குக் கொடுப்பது, எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள் கண்ணெதிரே செய்யப் பழகினார்கள். 1964 அக்டோபரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அஜர்புரா என்ற கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கி, மக்களிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த வருஷமே தேசியப் பால்வள வாரியம் வந்தது. பிறகு மற்ற மாநில விவசாயிகளையும் ஆனந்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நாட்டின் பிரதமரே போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்றால், நம்மைக் கூட்டிப்போவது என்ன வீண் செலவா?

2025-ல் அதே ஆனந்தில், திரிபுவன்தாஸ் பேரிலேயே கூட்டுறவுப் பல்கலைக்கழகம் அமைக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பேர் வைத்தது சந்தோஷம். பல்கலைக்கழகத்தில் பட்டம் கொடுப்பார்கள். ஊரில் முக்கால் ஏக்கர் வைத்திருக்கிற அக்காவுக்கு அங்கிருந்து என்ன வரும் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

பெண்கள் என்றதும் முல்கனூரைச் சொல்லாமல் விட முடியாது. தெலங்கானாவில், அப்போதைய கரீம்நகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1956-ல் தொடங்கிய சங்கம், சுற்றிப் பதினாலு கிராமம். கடன் கொடுப்பதோடு நிற்காமல் நெல்லையும் பருத்தியையும் வாங்கி, அரைத்து, விதை நெல் தயாரித்து விற்கிற சங்கம். அந்தப் பகுதிப் பெண்கள் தனியாகச் சிக்கன சேமிப்புச் சங்கம் வைத்துக் கணக்கு பழகினார்கள். 2000-ல் அவர்களே பால் பண்ணை தொடங்கிவிட்டார்கள்! பெண்களுக்கு என்ன தெரியும் என்று நம்ம திண்ணையில் பேசுகிறவர்கள் ஒருமுறை போய் வரட்டும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். மண்டிக்காரர் விடிகாலையிலேயே ஒட்டன்சத்திரத்துக்கும் கோயம்பேட்டுக்கும் போன் போட்டுத் தக்காளி விலையைத் தெரிந்துகொள்கிறார். அவர்களுக்குள் தொடர்பு இருக்கிறது, பேச்சு இருக்கிறது. நமக்கோ பக்கத்து ஊர்ச் சங்கத்தில் ஏக்கருக்கு எவ்வளவு பயிர்க்கடன் கொடுத்தார்கள் என்பதுகூடத் தெரியாது. எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் தொழில்நுட்பக் குழு கூடி வருஷா வருஷம் நிர்ணயிக்கிறது. அது செயலாளர் பார்த்துப் போடுகிற பிச்சை இல்லை. இந்த ஒரு செய்தி தெரிந்தாலே சங்க வாசலில் நம் குரல் மாறிவிடும்.

எங்கள் பக்கத்தில் ஒரு சங்கம், பேர் வேண்டாம். பேரவைக் கூட்ட நோட்டீசைக் கதவுக்கு உள்பக்கமாக ஒட்டியிருந்தார்கள். கதவு திறந்திருந்தால் நோட்டீஸ் சுவரோடு மறையும், பூட்டியிருந்தால் உள்ளே இருக்கும்! கூட்டம் இருபது நிமிஷம். காராபூந்தி, டீ, கையெழுத்து. தணிக்கை அறிக்கையை வாசிக்கச் சொன்ன பெரியவரிடம், உங்களுக்கு அது புரியாது ஐயா என்றார்களாம். அதுதான் நோய். புரியாது என்கிறவர்களிடம்தான் புரிய வைக்கிற நிதியும் போகிறது.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனி வந்திருக்கே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி வழி செய்தார்கள். 2020-ல் பத்தாயிரம் அமைப்பு என்று மத்திய அரசு திட்டம் போட்டது, ஒவ்வொன்றுக்கும் மூன்று வருஷத்துக்கு 18 லட்சம் வரை நிர்வாகச் செலவுக்கு. நல்லதுதான். மூன்று வருஷம் முடிந்து பணம் நின்ற பிறகு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகின இயக்குநர்கள் என்ன செய்வார்கள்? பேரை மாற்றினால் போதாது, இங்கேயும் படிப்பு வேண்டும்.

ஆகவே அரசிடம் கேட்கிறோம். சங்கத் தேர்தலை நடத்துங்கள். 2013-லும் 2018-லும் தேர்தல் நடந்தது, அந்தக் குழுக்களின் காலம் 2023-ல் முடிந்து சங்கங்கள் அதிகாரிகள் கைக்குப் போயின. சங்கம் வைக்கிற உரிமையில் கூட்டுறவுச் சங்கத்தையும் 97-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் சேர்த்திருக்கிறது, அதை மதியுங்கள். நம் சங்கத்திலிருந்து கல்வி நிதிக்குப் போன தொகை எவ்வளவு, அதில் உறுப்பினருக்குச் செலவானது எவ்வளவு என்று வருஷா வருஷம் போர்டில் எழுதுங்கள், வெளிப்பக்கமாக! வருஷத்துக்கு இரண்டு நாளாவது ஊரிலேயே வகுப்பு, ஒரு முறையாவது நன்றாக நடக்கிற சங்கத்துக்குப் பயணம், போகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள்.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கப் போவதில்லை. ஊருக்கு ஒரு வட்டம், பத்துப் பேர், பால் ஊற்றுகிற இடமோ கோயில் திண்ணையோ, வாரம் ஒரு ராத்திரி. முதல் வாரம் அவரவர் கடன் பாஸ்புத்தகம்: அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை தேதி என்ன. இரண்டாம் வாரம் உர பில். மூன்றாம் வாரம் சங்கத்தின் லாப நட்டக் கணக்கு. பத்தாவது படிக்கிற பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், அவர்களுக்கும் நல்லது. ஐந்து ஊர் வட்டங்கள் மாதம் ஒருமுறை சேரட்டும்.

அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு எல்லா ஊரிலிருந்தும் போகிறோம். வரும்போது பங்குத்தொகை ரசீதையும் பாஸ்புத்தகத்தையும் எடுத்து வாங்க. ரசீது தொலைந்தவர்கள் இந்த வாரமே சங்கத்தில் உறுப்பினர் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையை முழுசாக வாசிக்கிற வரைக்கும் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். டீயை அப்புறம் குடிக்கலாம்.