உழவர்கரை நகரமானது, சேரி என்ன ஆனது?



புதுச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கடற்கரையும் பிரெஞ்சுத் தெருக்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி நகராட்சியைவிட அதிகம் பேர் வாழ்வது அதை ஒட்டியுள்ள உழவர்கரை நகராட்சியில். அங்கே சுமார் 3 லட்சம் பேர்.

பெயரிலேயே உழவரைச் சுமக்கும் ஊர் அது. 1880இல் பிரெஞ்சு அரசு கொம்யூன்களை ஏற்படுத்தியபோதே உழவர்கரை தனிக் கொம்யூன். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு ஜிப்மர் வளர்ந்தது, தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டை வந்தது, லாஸ்பேட்டையில் வீடுகள் பெருகின. வயல்கள் மனைகளாயின. 1994இல் அது நகராட்சியானது.

வயல் மனையானால் பட்டா வைத்திருப்பவருக்கு விலை கிடைக்கும். அதே வயலில் நாற்று நட்டவருக்கு என்ன கிடைக்கும்? இருந்த கூலியும் போகும். ஊர் நகரமாகிறது, சேரி நகரத்துக்குள் இருக்கும் சேரியாகிறது. பலகையில் 'காலனி' போய் 'நகர்' வந்துவிட்டால் சாதி போய்விடுமா?

அண்ணல் அம்பேத்கர் இதை அறிந்திருந்தார். கிராமத்தில் நிலமில்லாமல், சாதி இந்துக்களை அண்டி வாழும்வரை விடுதலை இல்லை என்பதால்தான், 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் தலித் மக்களுக்கு அரசு நிலத்தில் தனிக் குடியிருப்புகள் கேட்டார். அவர் கேட்டது இடமாற்றத்தை மட்டுமல்ல, நிலத்தையும் அதிகாரத்தையும் சேர்த்து.

அந்த அதிகாரம் உழவர்கரையில் எங்கே? 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம், நகராட்சி மன்றங்களில் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடம் ஒதுக்கச் சொல்கிறது. அந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு தலித் பெண்களுக்கு. ஆனால் தேர்தல் நடந்தால்தானே இடஒதுக்கீடு! புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான், அதுவும் நீதிமன்றப் படியேறிய பிறகு. 2011இல் பதவிக்காலம் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் நடக்கவில்லை. நகராட்சியான 1994 முதல் 2021 வரை 27 ஆண்டுகள். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தது 5 ஆண்டுகள். மற்ற ஆண்டுகளில் அதிகாரிகளின் ஆட்சி.

'சட்டமன்றத்தில் 30 தொகுதிகளில் 5 தனித்தொகுதிகள் இருக்கின்றனவே' என்பார்கள். இருக்கட்டும். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் தட்டவேண்டிய கதவு கவுன்சிலர் வீட்டுக் கதவு. செல்வாக்குள்ள சாதிக்காரருக்கு அமைச்சரின் தொலைபேசி எண் தெரியும். கவுன்சிலர் இல்லாவிட்டால் அவருக்கு நட்டமில்லை. நட்டம் முழுவதும் நம் தெருவுக்கு.

ஆகவே தோழர்களே, இங்கே உள்ளாட்சித் தேர்தல் என்பது நிர்வாகச் சிக்கல் அல்ல, சாதி ஒழிப்புக் கோரிக்கை. அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலையைப் பற்றிக் கேட்கும் முன், எங்கள் வார்டுக்கு எப்போது தேர்தல் என்று கேளுங்கள்.